முதல் முறை சொன்னது

பரமானந்தம் ஐந்தாவது முறையாக அதைச் சொல்லி முடித்தபோது, திரையில் அவனுடைய நாடித்துடிப்பு எழுபத்திரண்டில் நின்றது. முதல் முறை அது நூற்று அறுபதைத் தாண்டியிருந்தது. அன்று நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்து, தரையில் கிடந்தபடியேதான் மீதியைச் சொன்னான். இன்று பக்கத்து ஊரில் யாருக்கோ நடந்ததைப்போல் சொல்லிவிட்டு, தலையில் மாட்டியிருந்த பட்டையைத் தானே கழற்றி மேசைமேல் வைத்தான்.

"அவ்வளவுதான் மேடம். தண்ணி இழுத்துச்சு. கை நழுவிடுச்சு. நான் என்ன பண்ண முடியும்?"

ஜெசிந்தா படிவத்தில் 'பதற்றம் இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டாள். நல்ல முன்னேற்றம். இன்னும் ஒரே ஒரு முறை. அடுத்த திங்கள்கிழமை ஆறாவது முறையும் சொல்லிவிட்டால் சிகிச்சை முடிந்தது.

ஒன்பது மாதத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில் நடந்தது அது. பரமானந்தம் திருச்சியில் வயரிங் வேலை பார்ப்பவன். பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் பிள்ளைகள் இருவரையும் வண்டியில் கூட்டிப் போயிருந்தான். மனைவி வேதவல்லிக்கு ஜவுளிக்கடையில் லீவு கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் ஒரு தரைப்பாலம். கணுக்கால் அளவு தண்ணீர்தான் ஓடியது. பாதி தூரம் போனதும் மலையில் பெய்த மழையெல்லாம் ஒரே மூச்சில் வந்து சேர்ந்தது. வண்டி போயிற்று. கரையில் இருந்தவர்கள் கயிறு போட்டு இழுத்தபோது பரமானந்தமும் ஐந்து வயது மகள் மகிழினியும் வந்தார்கள். பன்னிரண்டு வயது அகிலனை இரண்டு நாள் கழித்து மூன்று கிலோமீட்டர் தள்ளி எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு பரமானந்தத்தால் குழாய்ச் சத்தம் கேட்க முடியவில்லை. குளிக்க மாட்டான், ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்வான். மாடியில் யாராவது வாளியில் தண்ணீர் பிடித்தால் வீட்டைவிட்டு ஓடித் தெருமுனையில் நிற்பான். வேலை போயிற்று. தூக்கம் போயிற்று. ஆறு மாதம் இப்படியே கிடந்தவனைத்தான் மச்சினன் ஒருவன் இந்த மனநல மையத்துக்கு இழுத்து வந்தான்.

இப்போது அவன் குளிக்கிறான். போன வாரம் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தானாம்.

"தேங்க்ஸ் மேடம். நீங்க குடுத்த உசுரு இது," என்று கும்பிட்டுவிட்டுப் போனான். ஜெசிந்தாவுக்கு அது பழக்கமான கும்பிடு. எட்டு வருடத்தில் நானூறு பேருக்கு மேல் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து போயிருந்தார்கள். அடுப்பைப் பார்த்தாலே நடுங்கிய பெண் இப்போது இட்லிக்கடை நடத்துகிறாள். விபத்துக்குப் பின் பேச்சே நின்றுபோன போலீஸ்காரர் மறுபடி ட்யூட்டிக்குப் போகிறார். தன் வேலை நல்ல வேலை என்பதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

மறுநாள் மதியம், அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரத்தில் வேதவல்லி வந்தாள். கடைச் சீருடைப் புடவையிலேயே வந்திருந்தாள். உட்காரச் சொன்னதும் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"நீங்க சாப்பிடுங்க மேடம். நான் அப்புறம் பேசுறேன்."

"பரவால்ல, சொல்லுங்க."

"இவரு நல்லா ஆயிட்டாரு மேடம்."

"ஆமா. ரொம்ப நல்லா வந்திருக்காரு."

"நேத்து ராத்திரி ரசம் நல்லாருக்குன்னாரு. இன்னும் கொஞ்சம் ஊத்துன்னாரு." வேதவல்லி கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்குச் சந்தோஷமாத்தான் இருக்கணும். ஆனா அந்தக் கரண்டியாலயே அவர அடிக்கணும்போல இருந்துச்சு. வீட்ல இப்ப நான் ஒருத்திதான் அழறேன் மேடம். அவன் செத்து ஒன்பது மாசந்தான் ஆகுது. எனக்கு மட்டுமா செத்தான்?"

ஜெசிந்தா டப்பாவை மூடி வைத்தாள். "அவருக்கு வருத்தம் போகல வேதவல்லி. பயம்தான் போயிருக்கு. மெஷின் எதையும் அழிக்கிறதில்ல."

"அப்ப என்னதான் பண்ணுது? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"ஒரு விஷயத்த ஞாபகப்படுத்திப் பேசும்போது அந்த ஞாபகம் கொஞ்ச நேரத்துக்கு இளகும். மறுபடி உள்ள போய் இறுகிக்கும். நம்ம எல்லாருக்கும் இயற்கையாவே நடக்கிறதுதான். இளகி இருக்கிற நேரத்துல, மாத்திரையாலயும் அந்தப் பட்டையாலயும் உடம்போட பதற்றத்த அடக்கி வைக்கிறோம். அதனால பதற்றம் இல்லாமலே இறுகுது. ஆறு தடவ இப்படிச் செஞ்சா, நடந்தது ஞாபகம் இருக்கும். அது அவர மறுபடி மறுபடி ஆத்துல தள்ளாது."

வேதவல்லி கவனமாகக் கேட்டாள். பிறகு, "இளகும்போது பயம் மட்டுந்தான் போகுமா? கூட வேற எதுவும் சேர்ந்து போயிடாதா?" என்று கேட்டாள்.

படித்த உறவினர்கள் பலர் கேட்டிருக்கும் கேள்விதான். ஜெசிந்தாவிடம் பதிலும் தயாராக இருந்தது. "சின்னச் சின்ன விவரங்க மாறலாம். அதனால பாதகம் இல்ல."

"மொதல்ல எல்லாம் தூக்கத்துல ஒரே வார்த்ததான் சொல்லுவாரு. 'விட்டுட்டேன், விட்டுட்டேன்'னு. இப்ப கேட்டா 'நழுவிடுச்சு'ங்கிறாரு. பொய் சொல்லல மேடம். அவரு மூஞ்சி எனக்குத் தெரியும். அவரு நிஜமாவே அப்படித்தான் நெனைக்கிறாரு." அவள் குரல் உடையவில்லை. அதுதான் ஜெசிந்தாவை என்னவோ செய்தது. "விட்டதும் நழுவினதும் ஒண்ணா மேடம்?"

"வேதவல்லி..."

"மொத தடவ உங்ககிட்ட என்ன சொன்னாரு? அத மட்டும் சொல்லுங்க. நான் போயிடுறேன்."

"அது அவருக்கும் எனக்கும் நடுவுல உள்ளது. அவரு சம்மதம் இல்லாம என்னால சொல்ல முடியாது. பதிவும் இல்ல, விதிப்படி உடனே அழிச்சுடுவோம்."

"உங்க ஞாபகத்துல இருக்குமில்ல?"

ஜெசிந்தா டப்பாவின் மூடியை மறுபடி அழுத்தி மூடினாள்.

"உங்களுக்கும் ஏதாவது ஏற்பாடு பண்ணலாம்," என்றாள் ஜெசிந்தா, எதையாவது சொல்ல வேண்டும் என்று.

"எனக்கு என்னத்த மேடம் பண்ணுவீங்க? விசாரிச்சுட்டேன். பார்த்தவங்களுக்குத்தான் அந்தப் பட்டை. நான்தான் அங்க இல்லியே. எங்கிட்ட எடுக்கிறதுக்கு என்ன இருக்கு?" எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். "இவரோட அக்கா வந்தப்பல்லாம் சொல்றாங்க, ஆம்பளப் புள்ளய ஆத்துல விட்டுட்டுப் பொட்டப் புள்ளயத் தூக்கிட்டு வந்துட்டான்னு. மகிய வெச்சுக்கிட்டே சொல்றாங்க. இவரு கேட்டுட்டுச் சும்மா உக்காந்திருக்காரு. முன்ன மாதிரி இருந்தா அழுதாவது இருப்பாரு."

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஜெசிந்தா தன் அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். படிவங்கள் ஐந்தையும் எடுத்துப் பரப்பிக்கொண்டாள். அவற்றில் வெறும் எண்கள்தான் இருந்தன. ஆனால் காதில் அவன் குரல் இருந்தது. முதல் முறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று வரிசையாக நினைவுபடுத்திப் பார்த்தாள். இரண்டாம் முறையில் 'விட்டேன்' என்பது 'விட வேண்டியதாப் போச்சு' என்று ஆகியிருந்தது. மூன்றில் 'விட்டுப் போச்சு'. நான்கில் 'நழுவிடுச்சு'. அதோடு, முதல் முறை இருந்த ஒரு வாக்கியம் மூன்றாம் முறையில் பாதியாகி, நான்கில் காணாமலே போயிருந்தது. அந்த வாக்கியம் பரமானந்தத்துடையது இல்லை. வேறொருவர் பேசியது.

நான்காம் முறையன்று அவள் அதைக் கவனித்தாள். கவனித்துத்தான் 'பதற்றம் வெகுவாகக் குறைந்துள்ளது' என்று எழுதினாள்.

மையத்தின் இயக்குநர் டாக்டர் சபாபதி இன்னும் கிளம்பவில்லை. அவரிடம் போய்ச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார்.

"ஜெசிந்தா, அந்த ஆளு சாகக் கெடந்தவன். இப்ப தூங்குறான், வேலைக்குப் போறான். உண்மை வேணும்னு அவனத் திரும்ப ஆத்துல தள்ளப் போறீங்களா?"

"அவரு மனைவி சார்..."

"அவங்க நம்ம பேஷண்ட் இல்ல."

"அதத்தான் சார் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"யோசிங்க. ஆனா திங்கட்கிழமை ஆறாவத முடிச்சுடுங்க. அதுக்கப்புறம் அந்தக் கேள்வியே இருக்காது."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இருப்பதாக ஜெசிந்தாவுக்குத் தோன்றவில்லை. வீட்டுக்குப் போகும்போது பேருந்தில் அதையே நினைத்துக்கொண்டு தன் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

திங்கள்கிழமை பரமானந்தம் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். வேதவல்லியும் கூட வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மாத்திரை போடுவதற்காக அவன் தண்ணீர் பாட்டிலை எடுத்தான்.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள் ஜெசிந்தா. "இதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். இது முடிஞ்சா அப்புறம் மாத்த முடியாது. நீங்க மொத தடவ சொன்னதுக்கும் இப்ப சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கு."

அவன் சிரித்தான். "இருக்கத்தானே செய்யும். அப்ப பைத்தியக்காரன் மாதிரி எதையாவது உளறியிருப்பேன்."

"மொத தடவ சொன்னது என்னன்னு உங்களுக்குத் தெரியணுமா?"

"நல்ல விஷயமா?"

"இல்ல. கஷ்டமானது. கேட்டா பழைய பயமெல்லாம் திரும்ப வரலாம்."

"பின்ன எதுக்கு மேடம் கேக்கணும்?" அவன் உண்மையாகவே புரியாமல் கேட்டான்.

"வேண்டாம்னா வேண்டாம். மாத்திரையப் போடுங்க, ஆரம்பிப்போம். நான் வேற எதுவும் சொல்லப் போறதில்ல. ஆனா உங்களுக்குத் தெரியாம முடிவு பண்ண எனக்கு மனசு வரல. அதுல உங்க பையன் பேசினது இருக்கு."

பாட்டிலின் மூடி அவன் கையிலேயே இருந்தது.

"அகிலனா? அவன் எதுவும் பேசலியே மேடம்."

ஜெசிந்தா பட்டையை மேசையின் மறுபக்கம் நகர்த்தி வைத்தாள்.

"தண்ணிக்குள்ள எப்படிப் பேசுவான்? அவன் எதுவும் பேசல." அவன் நெற்றியைச் சுருக்கி எங்கோ பார்த்தான். ஒரு பொருளை வைத்த இடத்தில் தேடுகிறவனைப்போல் அவன் கண்கள் அசைந்தன. "பேசினானா? எவ்வளவு நேரம் பேசினான்?"

"ரெண்டு வார்த்தை."

அவன் பாட்டிலை மூடினான். "வேதாவக் கூப்பிடுங்க. என்னால ஒரு தடவதான் கேக்க முடியும்."

வேதவல்லி உள்ளே வந்து கணவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். என்ன நடக்கப்போகிறது என்று ஜெசிந்தா அவளுக்கும் சொன்னாள். பிறகு, முடிந்தவரை அவனுடைய வார்த்தைகளிலேயே, குரலை ஏற்றாமல் இறக்காமல் சொன்னாள்.

"நீங்க சொன்னது இது. 'எடது கை பாலத்து ஓரத்துல இருந்த தூணக் கட்டிப் புடிச்சிருந்துச்சு. வலது கையில அகிலன். மகி கழுத்தக் கட்டிக்கிட்டு முதுகுல தொங்குனா. அவ கை வழுக்க ஆரம்பிச்சுச்சு. ஒரு கை விட்டுப்போய் ஒத்தக் கையில தொங்குனா. தூண விட்டா மூணு பேரும் போயிடுவோம். அகிலன் அதப் பாத்தான். பாப்பாவப் புடிங்கப்பா, நான் தூணப் புடிச்சுக்கிறேன்னான். தூண் அவனுக்கு எட்டாது. எட்டாதுன்னு எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். நான் கைய விட்டேன். விட்டுட்டு மகியப் புடிச்சேன். திரும்பிப் பாத்தா வெறும் தண்ணி.'"

பரமானந்தம் தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தான்.

வேதவல்லிதான் முதலில் பேசினாள். "பாப்பாவப் புடிங்கப்பான்னா சொன்னான்?"

"ஆமா."

"பாப்பாவா? மகின்னு சொல்லலியா?"

"பாப்பான்னு அவன் சொன்னதாத்தான் இவரு சொன்னாரு."

"அவ கிண்டர்கார்டன் போனதுலேருந்து பாப்பான்னு கூப்பிடறத விட்டுட்டான். பிரெண்ட்ஸ் சிரிப்பாங்கன்னு." அவள் மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பினாள். "விட்டீங்களா?"

பரமானந்தம் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "விட்டேன்," என்றான். சொன்னதும் அவன் உடம்பு முழுவதும் உதற ஆரம்பித்தது. மூச்சு முட்டியது. முதல் நாள் போலவே நாற்காலியிலிருந்து சரிந்தான். ஜெசிந்தா ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டு, மூச்சை மெல்ல விடும்படி திரும்பத் திரும்பச் சொன்னாள். வேதவல்லி எழுந்து நின்று இருவரையும் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

அவள் மகியைக் கூட்டிக்கொண்டு லால்குடியில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாக இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. சொன்னவன் பரமானந்தம். போனில் சொன்னான்.

"நான் நல்லா இருந்தேன் மேடம்," என்றான். பின்னால் எங்கோ ஒரு வாளி நகரும் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினான். "நல்லா இருந்தேனே. எதுக்கு மேடம் சொன்னீங்க? உங்களுக்கு என்ன கெடைச்சுது?" பிறகு கெட்ட வார்த்தையில் திட்டினான். ஜெசிந்தா முழுவதையும் கேட்டாள். தினமும் காலை பத்து மணிக்குத் தான் போன் செய்வதாகவும், அவன் திட்டினாலும் பரவாயில்லை, எடுத்தால் போதும் என்றும் சொன்னாள். அவன் தினமும் எடுத்தான். சில நாள் திட்டினான், சில நாள் எதுவும் பேசாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தான்.

சபாபதி அவளை இயந்திரப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார். தண்டனை என்று சொல்லவில்லை. கட்டடத்தின் பின்பக்கம், இயந்திரம் வருவதற்கு முன்னால் ஆலோசனை அறையாக இருந்து இப்போது பழைய நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த இடத்தை ஒழித்துக் கொடுத்தார். "பட்டை இல்லாம, பழைய மாதிரி உக்காந்து பேசுற வேலை. யாராவது வந்தா பாருங்க," என்றார்.

ஒரு குடும்பத்தை உடைத்துவிட்டோம் என்ற எண்ணம் ஜெசிந்தாவை விடவில்லை. தன்னிடம் முதல் முறை சொல்லிவிட்டுப் போன நானூறு பேரையும் நினைத்தாள். அவர்களில் எத்தனை பேர் யாருடைய கடைசி வார்த்தையை இந்த அறையில் வைத்துவிட்டுப் போனார்களோ. நினைவுபடுத்திப் பார்த்தாள். முப்பது பேரைத் தவிர மற்றவர்களின் முகம்கூட வரவில்லை.

பதினோராம் நாள், ஒரு வியாழக்கிழமை, பரமானந்தமும் வேதவல்லியும் பின்பக்க அறையின் வாசலில் வந்து நின்றார்கள். அவன் மெலிந்திருந்தான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"உள்ள வாங்க," என்றாள் ஜெசிந்தா.

வேதவல்லி உட்கார்ந்ததும் சொன்னாள்: "மன்னிச்சுட்டு வந்தேன்னு நெனைக்காதீங்க மேடம். அதெல்லாம் எனக்குத் தெரியல. எங்க அண்ணி நல்லவங்கதான். அழு, அழுன்னு மடியில போட்டுக்கிட்டாங்க. ஆனா அவங்களுக்கு அகிலனப் பத்தி என்ன தெரியும்? அவன் பல்லு தேய்க்காம ஏமாத்துறது தெரியுமா? அவனப் பத்திச் சொல்லி அழணும்னா இந்த மனுசன விட்டா எனக்கு வேற ஆளு இல்ல."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் மூன்று மணிக்கு வந்தார்கள். இங்கே திரையோ எண்களோ கிடையாது. முதல் இரண்டு வாரம் ஆற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று ஜெசிந்தா சொல்லிவிட்டாள். அகிலனைப் பற்றிப் பேசினார்கள். அவன் பல் தேய்க்காமல் பிரஷ்ஷை மட்டும் நனைத்து வைப்பது. கணக்குப் பரீட்சைப் பேப்பரை ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒளித்து வைத்தது. இருவருக்கும் சண்டை வந்தது. கணுக்கால் தண்ணிதானே என்று ஏன் இறங்கினீர்கள் என்று வேதவல்லி ஒருநாள் அரைமணி நேரம் கத்தினாள். அவன் குனிந்த தலை நிமிராமல் கேட்டுவிட்டு, "தெரியல வேதா, இருட்டறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடலாம்னு நெனச்சேன்," என்றான். அன்று இருவரும் சேர்ந்து அழுதார்கள். அகிலன் போன பிறகு அதுதான் முதல் தடவை.

நான்காம் வாரம் ஜெசிந்தா அறையின் மூலையிலிருந்த குழாயைக் காட்டினாள். வேதவல்லி அதைச் சொட்டு சொட்டாக விழும்படி திறந்துவிட்டாள். பரமானந்தம் கதவருகே போய் நின்றான். ஆனால் வெளியே போகவில்லை. அடுத்த வாரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான், வியர்த்துக் கொட்ட. அதற்கடுத்த வாரம் வேதவல்லி அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்க, தண்ணீர் மெல்லிய கம்பியாக ஒழுகியது. அவன் அதன் சத்தத்துக்கு நடுவிலேயே, முதல் முறை சொன்னதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, பட்டை இல்லாமல் சொன்னான். 'விட்டேன்' என்ற இடத்தில் நின்றான். அந்த வார்த்தையை அவன் மாற்றவில்லை. சொல்லிவிட்டு மேலே போனான்.

"இந்த வார்த்தை எப்பவும் இப்படியேதான் இருக்குமா மேடம்?" என்று கேட்டான்.

"இருக்கும்னுதான் நெனைக்கிறேன். ஆனா அதத் தனியாச் சுமக்க வேண்டியதில்ல."

ஏழாவது வியாழக்கிழமை பள்ளி விடுமுறை. பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் மகியையும் கூட்டி வந்திருந்தார்கள். இப்போது அவளுக்கு ஆறு வயது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இயந்திர சிகிச்சை கிடையாது என்பதால், இதுவரை அவளை யாரும் மையத்துக்குக் கொண்டுவந்ததே இல்லை. அவள் அம்மாவின் புடவைக்குப் பின்னால் நின்றாள். ஜெசிந்தா ஜெம் கிளிப் டப்பாவை அவள்முன் வைத்தாள். அவள் தரையில் உட்கார்ந்து கிளிப்புகளை ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலி செய்ய ஆரம்பித்தாள்.

"இவ இப்பல்லாம் அதிகமாப் பேசறதில்ல மேடம்," என்றாள் வேதவல்லி தாழ்ந்த குரலில். "போன ஞாயித்துக்கெழம அவங்க அத்த மறுபடி அதையே சொன்னாங்க. இவரு மொத தடவையா எந்திரிச்சு நின்னு சத்தம் போட்டாரு. 'ஆமா, நான்தான் விட்டேன், நான் விட்டதுக்குப் புள்ளய ஏன் சொல்றே'ன்னு. அதுலேருந்து இவ சரியாச் சாப்பிடவும் இல்ல."

ஜெசிந்தா நாற்காலியை விட்டுத் தரையில், மகிக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். தானும் இரண்டு கிளிப்புகளை எடுத்துக் கோத்தாள்.

"மகி, அப்பா அன்னைக்கு அத்தகிட்டச் சத்தம் போட்டது உனக்குப் பயமா இருந்துச்சா?"

மகி இல்லை என்று தலையசைத்தாள்.

"வேற எப்படி இருந்துச்சு?"

"அப்பா பொய் சொன்னாரு."

பரமானந்தம் நிமிர்ந்தான். ஜெசிந்தா அவனைப் பார்த்து, பொறுக்கும்படி கண்ணால் சொன்னாள்.

"என்ன பொய் சொன்னாரு?"

"அப்பா அண்ணன் கைய விடல." மகி கிளிப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பா, 'விட மாட்டேன்டா, விட மாட்டேன்டா'ன்னு கத்துனாரு. அண்ணன்தான் எடுத்தான்."

"எப்படி எடுத்தான்?"

மகி யோசித்தாள். பிறகு சங்கிலியை மடியில் வைத்துவிட்டு, ஜெசிந்தாவின் கையை இழுத்துத் தன் மணிக்கட்டைப் பிடிக்க வைத்தாள். "கெட்டியாப் புடிங்க," என்றாள். ஜெசிந்தா பிடித்ததும், இன்னொரு கையால் அவளுடைய விரல்களைச் சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மகியின் விரல்கள் சிறியவை, நகத்தால் நெம்பித்தான் பிரிக்க முடிந்தது. கட்டைவிரல்வரை வந்து தன் கையை உருவிக்கொண்டாள்.

"இப்படி," என்றாள்.

பரமானந்தத்திடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகை மாதிரியும் இல்லை. வேதவல்லி நாற்காலியிலிருந்து இறங்கி மகியின் அருகில் மண்டியிட்டாள்.

"நீ பாத்தியாடி தங்கம்?"

"அப்பா தோள்ல இருந்தேன்ல. எனக்குத் தெரிஞ்சுது."

"அண்ணன் அழுதானா?"

"இல்ல." மகி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "அப்பா மேல கோவமா இருந்தான். பாப்பாவப் புடிங்கன்னு எத்தன தடவ சொல்றதுன்னு. மூக்க இப்படி வெச்சுக்கிட்டு." மூக்கைச் சுருக்கி உதட்டைக் கடித்துக் காட்டினாள்.

வேதவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த முகம் அவளுக்குத் தெரிந்த முகம் என்பது ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. பிறகு அவள் மகளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு, அழுகையும் சிரிப்பும் கலந்து உடம்பெல்லாம் குலுங்கினாள். "அவன்தாங்க. கோவம் வந்தா அப்படித்தான் வெச்சுக்குவான். அது அவனேதான்," என்று திரும்பத் திரும்பக் கணவனிடம் சொன்னாள்.

பரமானந்தம் ஜெசிந்தாவைப் பார்த்தான். "மேடம், இது நெசமா? அவளுக்கு அப்ப அஞ்சு வயசு. என் கை எனக்குத் தெரியாதா? விரல் தொறந்தத நான் உணர்ந்தேனே."

ஜெசிந்தா உண்மையைத்தான் சொன்னாள். "எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சுக்க வழியும் இல்ல. நீங்க மொத தடவ சொன்னதுதான் நடந்ததுன்னு நான் நம்பிக்கிட்டு இருந்தேன். அதுலயும் உங்க குத்த உணர்ச்சி கலந்திருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

மகி அம்மாவின் பிடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினாள். எல்லோரும் அழுவதைப் பார்த்து அவளுக்குக் கலக்கமாக இருந்திருக்க வேண்டும்.

"நான் முன்னாடியே சொல்லியிருக்கணுமாப்பா?" என்று கேட்டாள். "என்ன யாரும் கேக்கல."

பரமானந்தம் தரையில் வந்து உட்கார்ந்தான். மகள் தலையில் கை வைத்தான். ஜெசிந்தா சொன்னாள்: "நீ செஞ்சது ஒண்ணும் தப்பில்லம்மா. நாங்கதான் கேட்டிருக்கணும். இப்பக் கேக்குறோம். உனக்கு ஞாபகம் இருக்கிறதச் சொல்லு. இல்லாதத விட்டுடு. அவசரமே இல்ல."

மகி அப்பாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அத்தை வீட்டில் அன்று காலையில் அண்ணன் தன்னுடைய பங்குப் பணியாரத்தையும் சாப்பிட்டுவிட்டான் என்று அங்கிருந்து ஆரம்பித்தாள்.

ஐந்தரை மணிக்கு அறையைப் பூட்ட ஆள் வந்தார். இன்னும் நேரமாகும் என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா கதவைச் சாத்தினாள்.